பால் ஆலையில் ஒரு ஹீட் பம்ப்: 18 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கொங்குப் பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் பாலைக் கையாளும் தனியார் ஆலை ஒன்றில் பாய்லர், அமோனியா பிளான்ட், தண்ணீர், மின்சாரம் ஆகிய நான்கையும் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கூலிங் டவர் வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெப்பத்தைப் பிடித்து, 80 டிகிரி வெந்நீராக மாற்றித் தரும் தொழிற்சாலை ஹீட் பம்ப் ஒன்றை ஒன்றரை ஆண்டுக்கு முன் வாங்கி நிறுவினோம். இதை வாங்கலாமா என்று பல ஆலைகளிலிருந்து தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, நல்லதும் கெட்டதுமாக நாங்கள் கண்டதை ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. விற்பனை நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; நான் குறிப்பிடும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல.

பால் ஆலையின் நிலைமை விசித்திரமானது. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் பாலை 4 டிகிரிக்குக் குளிரவைக்க அமோனியா கம்ப்ரசர்கள் ஓடுகின்றன. மறுபக்கம் அதே பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கவும், குழாய்களையும் தொட்டிகளையும் சிஐபி முறையில் (கழற்றாமல், உள்ளேயே கரைசலை ஓடவிட்டு) கழுவவும், கிரேட்டுகளை அலசவும் பாய்லரில் எண்ணெய் எரிகிறது. எங்கள் அமோனியா பிளான்டின் குளிரூட்டும் திறன் 100 டன் (இங்கே டன் என்பது எடை அல்ல, குளிரூட்டலை அளக்கும் அலகு). முழுச் சுமையில் அது பாலிலிருந்து உறிஞ்சும் வெப்பம் சுமார் 350 கிலோவாட். கம்ப்ரசர் மோட்டார்கள் சேர்க்கும் 90 கிலோவாட்டையும் கூட்டினால், ஏறக்குறைய 440 கிலோவாட் வெப்பம் கண்டென்சர் (அமோனியா வாயுவை ஒடுக்கித் திரவமாக்கும் பகுதி) தண்ணீரில் இறங்கிக் கூலிங் டவரில் ஆவியாகப் போகிறது. ஆனால் அந்தத் தண்ணீரின் வெப்பநிலை 35 டிகிரிதான். கை கழுவக்கூட இதமாக இருக்காத அந்தத் தண்ணீரை வைத்துப் பாலைச் சூடாக்க முடியாது என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஹீட் பம்ப் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளக் கிணற்றை நினைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் எத்தனை அடி ஆழத்திலிருந்து எத்தனை அடி உயரத்துக்கு ஏற வேண்டும் என்பதைப் பொறுத்தே மோட்டாரின் மின்செலவு அமைகிறது. அதுபோலவே இந்த இயந்திரமும் 35 டிகிரியில் கிடக்கும் வெப்பத்தை 80 டிகிரி உயரத்துக்கு இறைத்துக் கொடுக்கிறது; ஏற்றம் குறைந்தால் மின்சாரம் குறையும், கூடினால் கூடும். எங்கள் இயந்திரத்துக்குள் சுற்றிவரும் குளிர்பதன வாயு ஏறத்தாழ 27 டிகிரியில் ஆவியாகி 82 டிகிரியில் ஒடுங்குகிறது. அந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே ஓடும் எந்த இயந்திரமும் தான் செலவழிக்கும் மின்சாரத்தைப் போல் 6.5 மடங்குக்கு மேல் வெப்பம் தர இயற்பியல் இடம் கொடுக்காது. நடைமுறையில் அதில் பாதியைத் தொட்டாலே நல்ல இயந்திரம். இந்த மடங்கைத்தான் சிஓபி என்கிறார்கள். யாராவது இதே வெப்பநிலைகளுக்கு 5 என்று சொன்னால், அவர் வேறு ஏதோ ஒரு கணக்கைக் காட்டுகிறார் என்று பொருள். பெரும்பாலும் அது 55 டிகிரி வெந்நீருக்கான கணக்காக இருக்கும்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விவரத் தாளில் வெப்பத் திறன் 180 கிலோவாட், மின்சாரம் 50 கிலோவாட், சிஓபி 3.6 என்று இருந்தது. நாங்கள் அளந்தபோது கிடைத்தது சராசரியாக 3.2. தாளில் இருந்தது பொய் என்று சொல்லமாட்டேன். அது புதிய, அழுக்குப் படியாத இயந்திரத்துக்கு, முழுச் சுமையில், தண்ணீர் பம்புகளின் மின்சாரத்தைச் சேர்க்காமல் எடுத்த எண். நம் ஆலையில் சுமை ஏறி இறங்கும், வெப்பமாற்றியின் பிளேட்டுகளில் உப்புப் படியும், பம்புகளும் மின்சாரம் குடிக்கும். ஆனால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே நாங்கள் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருந்தது. விலைப்புள்ளியில் வெப்ப மீட்டர் இல்லை. கன்ட்ரோலரின் திரையில் தெரியும் எண்ணே போதும் என்றார்கள். அந்த எண் அளக்கப்படுவதில்லை, ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்படுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வெந்நீர்க் குழாயில் நாங்களே ஒரு வெப்ப மீட்டரும், இயந்திரத்துக்கும் அதன் பம்புகளுக்கும் சேர்த்து ஒரு மின் மீட்டரும் பொருத்திய பிறகே உண்மை நிலவரம் கைக்கு வந்தது.

பணக் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். நாங்கள் எரித்தது ஃபர்னஸ் ஆயில். ஒரு கிலோவில் 9,800 கிலோகலோரி, பாய்லர் திறன் 80 சதவீதம் என்று கொண்டால் ஒரு கிலோ எண்ணெயிலிருந்து சுமார் 9.1 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் கிடைக்கும். நாங்கள் வாங்கிய 48 ரூபாய் விலையில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 5 ரூபாய் 27 காசு ஆகிறது. ஹீட் பம்ப் பக்கம், உச்ச மின்தேவைக்கு மாதந்தோறும் கட்டும் டிமாண்ட் கட்டணத்தையும் சேர்த்து மின்சாரத்தை யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்து, அளந்த 3.2 ஆல் வகுத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 2 ரூபாய் 50 காசு. நாளொன்றுக்குச் சுமார் 2,400 யூனிட் வெப்பம் எடுக்கிறோம். 6,600 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சமாகிறது. இயந்திரத்துக்கு 45 லட்சமும், தொட்டி, பிளேட்டுகள், குழாய், கேபிள் ஆகியவற்றுக்கு 18 லட்சமும் செலவானது. அந்தப் பணம் திரும்ப ஏறத்தாழ 32 மாதங்கள் பிடிக்கும். விற்பனையாளர் சொன்னது 14 மாதங்கள். அவர் நாளுக்கு 20 மணி நேரம் முழுச் சுமையில் ஓடும் என்று எழுதியிருந்தார். எங்கள் இயந்திரம் ஓடுவது 13 மணி நேரத்தை ஒட்டித்தான். அந்த 18 லட்சமும் அவருடைய கணக்கில் இல்லை.

இதே கணக்கை விறகுத் தூள் பிரிக்கெட் எரிக்கும் ஆலைக்குப் போட்டுப் பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடுகிறது. 4,000 கிலோகலோரி உள்ள பிரிக்கெட்டை 70 சதவீதத் திறனில் எரித்தால் கிலோவுக்கு 3.25 யூனிட் வெப்பம் கிடைக்கும். கிலோ ஏழரை ரூபாய் என்றால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 2 ரூபாய் 30 காசுதான் ஆகிறது. அதாவது, விறகைவிட ஹீட் பம்ப் மலிவானது அல்ல. சாம்பல் அள்ளுவது, புகைபோக்கி, மழைக்காலத்தில் நனைந்த பிரிக்கெட், பாய்லர் ஆட்களின் சம்பளம் என்று பிற செலவுகளைச் சேர்த்தால் தராசு சமமாகலாம். ஆனால் 63 லட்சத்தைப் போட வைக்கும் அளவுக்கு அது சாயாது. சொந்தக் காற்றாலை அல்லது கூரைமேல் சூரிய மின்சாரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. டீசல் எரிப்பவர்கள் யோசிக்காமலே வாங்கலாம்.

இயந்திரம் வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே எங்களுக்குப் பெரிய தலைவலியைக் கொடுத்தது தொட்டி. விலைப்புள்ளியில் 5,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. 70 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு அந்தத் தொட்டியைச் சூடாக்க 58 யூனிட் வெப்பம் போதும். 180 கிலோவாட் இயந்திரம் அதை 20 நிமிடத்தில் முடித்துவிடும். அதன்பின் கம்ப்ரசர் நிற்கும், சிஐபி தொடங்கியதும் தொட்டி சட்டென்று ஆறிவிடும், கம்ப்ரசர் மறுபடியும் எழும். ஒரு ஷிஃப்டில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை எழுந்து நின்றால் எந்தக் கம்ப்ரசரும் நீடிக்காது. இரண்டே மாதத்தில் அதை எடுத்துவிட்டு, உயரமான, நன்கு காப்பிட்ட 20,000 லிட்டர் தொட்டியை வைத்தோம். மேலே 80 டிகிரியும் கீழே 60 டிகிரியுமாக நீர் அடுக்கடுக்காக நிற்கும்படி உள்ளே விடும் குழாயின் வாயை அகலப்படுத்தினோம். இப்போது அந்தத் தொட்டியில் 460 யூனிட்டுக்கு மேல் வெப்பம் இருப்பு வைக்க முடிகிறது; இயந்திரம் இரண்டரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது.

தொட்டியின் பயன் அதோடு நிற்கவில்லை. பால் ஆலையில் வெப்பம் கிடைக்கும் நேரமும் தேவைப்படும் நேரமும் ஒன்றல்ல. மின் கட்டணத்தில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால் ஐஸ் பேங்கை (குளிர்ச்சியைச் சேமித்துவைக்கும் பனிக்கட்டித் தொட்டி) இரவில்தான் கட்டுகிறோம். அப்போதுதான் அமோனியா பிளான்ட் முழு மூச்சில் ஓடிக் கழிவு வெப்பத்தைக் கொட்டுகிறது. வெந்நீர் அதிகம் தேவைப்படுவதோ பேக்கிங் முடிந்து இயந்திரங்களைக் கழுவும் நேரத்தில். காலையும் மாலையும் உச்ச நேரங்களில் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பதால், அந்த நேரங்களில் கூடியமட்டும் ஹீட் பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியிலிருந்தே எடுக்கிறோம். ஹீட் பம்ப் விற்பவர்கள் இயந்திரத்தின் அழகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். தொட்டியைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என் அனுபவத்தில், இந்த முதலீட்டின் வெற்றியில் பாதி அந்தத் தொட்டிக்குச் சேரும்.

அடுத்தது, அமோனியா உள்ள ஆலைகள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான ஹீட் பம்புகளில் ஈவாப்பரேட்டராக (வாயு வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும் பகுதியாக) வருவது, எஃகுத் தகடுகளைச் செம்பால் பற்றவைத்துச் செய்த சிறிய பிளேட் வெப்பமாற்றி. கண்டென்சர் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு ஏற்பட்டுக் கூலிங் டவர் தண்ணீரில் அமோனியா கலந்துவிட்டால், அது செம்பை அரித்துவிடும். அரித்தபின் ஹீட் பம்பின் வாயுவும் போகும், தண்ணீரும் கம்ப்ரசருக்குள் ஏறும். எங்கள் முதல் வரைபடத்தில் கூலிங் டவர் தண்ணீர் நேராக அந்தச் செம்புப் பற்றுள்ள பிளேட்டுக்குள் போவதாகத்தான் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, நடுவே துருப்பிடிக்காத எஃகில் கேஸ்கெட் போட்ட ஒரு பிளேட் வெப்பமாற்றியை வைத்துத் தனிச் சுற்று அமைத்தார்கள். இதனால் ஏற்றம் இரண்டு டிகிரி கூடியது, சிஓபி சற்றுக் குறைந்தது; ஆனால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. எங்கள் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த கேஸ்கெட் பிளேட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. பற்றவைத்த பிளேட்டாக இருந்திருந்தால் கழற்றவே முடிந்திருக்காது.

பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசர் பக்கம் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது. பாலைச் சூடாக்கும் சுற்றில் ஏற்கெனவே 76 டிகிரி வெந்நீர்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சூடாக்கத்தான் நீராவி பயன்பட்டது. எனவே நீராவிக்குப் பதில் 80 டிகிரி தண்ணீரைக் கொண்டுவந்து, வெப்பமாற்றியில் சில பிளேட்டுகளைக் கூட்டியதோடு வேலை தீர்ந்தது. 72 டிகிரியை 15 விநாடி நிறுத்திவைக்கும் பாதுகாப்புச் சுற்றில் கைவைக்கவில்லை. நீராவி வழியையும் அடைக்காமல் மாற்றுக்கு வைத்திருக்கிறோம். சிஐபி காரக் கரைசலுக்கு 75 டிகிரி வரை பிரச்சினை இல்லை. ஆனால் நெய்ப் பிரிவு எப்போதும் நீராவியின் கையில்தான் இருக்கும். வெண்ணெயை உருக்கி 110 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டிய இடத்தில் 80 டிகிரி தண்ணீரால் என்ன செய்ய முடியும்? அதனால் பாய்லரை விற்றுவிடலாம் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பியிருந்தால் தீபாவளி நேரத்தில் நெய் இல்லாமல் நின்றிருப்போம். பால் பவுடர் ஆலைகளின் டிரையரில் 180 டிகிரிக்கு மேல் சூடான காற்று தேவை. அங்கே இந்த வகை இயந்திரம் காற்றை முதற்கட்டமாகச் சூடாக்க மட்டுமே உதவும்.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். ஹீட் பம்ப் ஓடும்போது கண்டென்சர் தண்ணீரிலிருந்து 125 முதல் 130 கிலோவாட் வரை வெப்பத்தை எடுத்துவிடுவதால், கூலிங் டவரின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. டவரில் ஒரு யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஆக, மணிக்குச் சுமார் 190 லிட்டர், நாளொன்றுக்கு 2,500 லிட்டர் தண்ணீர் மிச்சம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. சித்திரை வெயிலில் இன்னொன்றும் நடந்தது. "ஹெட் பிரஷர் பத்து பிஎஸ்ஐ எறங்கி நிக்குதுங்க சார், கேஜ் கெட்டுப்போச்சுங்களான்னு பாத்தேன்" என்று அமோனியா ஆபரேட்டர் வந்து சொன்னார். கேஜ் சரியாகத்தான் இருந்தது. அமோனியா கம்ப்ரசர் வாயுவை வெளித்தள்ளும் பக்கத்தில் 195 பிஎஸ்ஐ-இல் நின்ற அழுத்தம் 185-க்கு இறங்கியிருந்தது. கண்டென்சரில் ஒரு டிகிரி குறைந்தால் கம்ப்ரசர் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பதால், அந்த மிச்சத்தையும் ஹீட் பம்பின் வரவில் சேர்க்கலாம். நான் மேலே சொன்ன 32 மாதக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழாகிறது. டவர் தண்ணீர் 26 டிகிரிக்கு இறங்கிவிடும். அமோனியா பிளான்டுக்கு அது கொண்டாட்டம், ஹீட் பம்புக்கோ ஏற்றம் கூடித் திண்டாட்டம். டவர் ஃபேனை நிறுத்திவிட்டுத் தண்ணீரைச் சூடாகவே வைத்தால் சிஓபி ஏறும் என்று விற்பனை நிறுவனத்தின் பொறியாளர் அறிவுறுத்தினார். ஒரு வாரம் செய்து பார்த்தோம். ஹீட் பம்பில் மிச்சமானதைவிட, அதைப் போல் இரு மடங்கு பெரிய அமோனியா கம்ப்ரசர்களில் கூடுதலாகப் போனது. கழிவு வெப்பம் கழிவாக இருக்கும்வரைதான் இலவசம். அதற்காக மூல இயந்திரத்தை வருத்தினால் அது கழிவே அல்ல.

வாயுவைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் இயந்திரத்தில் இருப்பது ஆர்-134ஏ. கோயம்புத்தூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அதன் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டையாக்சைடைப்போல் 1,430 மடங்கு. நாடுகளுக்கிடையே 2016-இல் உருவான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி இந்த வகை வாயுக்களின் பயன்பாடு 2028-இல் உச்சவரம்புக்குள் நிறுத்தப்பட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும். 15 ஆண்டுகள் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு இது நெருக்கமான தேதி. இன்று வாங்குவதாக இருந்தால், விலை கூடுதலானாலும் புவியை மிகக் குறைவாகவே சூடாக்கும் ஆர்-1234இசட்இ வாயுவில் ஓடும் இயந்திரத்தையே கேட்பேன். ஐரோப்பாவில் உயர் அழுத்த அமோனியா ஹீட் பம்புகள் 90 டிகிரி வரை தருகின்றன. அமோனியாவைக் கையாளத் தெரிந்த ஆட்கள் நம் பால் ஆலைகளில் ஏற்கெனவே இருப்பதால், அந்த வழி நமக்கு இயல்பாகப் பொருந்தும். ஆனால் எங்கள் அளவுக்கு யாரும் மலிவாகத் தரவில்லை.

விற்பனைக்குப் பிந்தைய சேவைதான் இந்த அனுபவத்தில் மிகவும் மோசமான பகுதி. கன்ட்ரோலரின் கடவுச்சொல்லை எங்களிடம் தரவே மாட்டேன் என்றார்கள். வெந்நீரின் வெப்பநிலையை இரண்டு டிகிரி மாற்றவும் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. எட்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின்னரே அது கைக்கு வந்தது. இரவில் மின்சாரம் போய், கம்ப்ரசரின் எண்ணெய் ஹீட்டர் ஆறிக் கிடந்தபின் உடனே இயக்கினால், வாயு எண்ணெயில் கரைந்து நுரைத்து இயந்திரம் டிரிப் ஆகும் (தானாக நின்றுவிடும்) என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று முறை டிரிப் ஆன பிறகு நாங்களே கண்டுபிடித்தோம். இப்போது அந்த ஹீட்டருக்கு ஜெனரேட்டர் வழியாகத் தனி இணைப்பு கொடுத்திருக்கிறோம். கொள்முதல் ஆணையிலேயே கடவுச்சொல்லையும் உதிரிபாகப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அது என் தவறு. இயந்திரம் என்ற அளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. 18 மாதங்களில் ஒரு சென்சாரும் ஒரு பம்ப் சீலும் மாற்றினோம், அவ்வளவுதான்.

போன மாதம் நாமக்கல் பக்கத்தில் பால் ஆலை நடத்தும் நண்பர் ஒருவர் நேரில் பார்க்க வந்திருந்தார். டவருக்குப் போகும் குழாயையும் தொட்டிக்குப் போகும் குழாயையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தவர், மறுவாரமே ஆர்டர் கொடுத்துவிடும் உற்சாகத்தில் இருந்தார். அவருடையது பிரிக்கெட் பாய்லர். முதலில் அமோனியா கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ் லைனில் (சூடான வாயு வெளியேறும் குழாயில்) ஒரு டீசூப்பர்ஹீட்டர், அதாவது அந்தச் சூட்டை எடுக்கும் ஒரு வெப்பமாற்றி, வைக்கச் சொன்னேன். 110 டிகிரிக்கு மேல் வெளிவரும் அந்த வாயுவிலிருந்து, கண்டென்சருக்குப் போகும் முன்பே, மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கையாவது 55 டிகிரி வெந்நீராக, மின்செலவே இல்லாமல் எடுத்துவிடலாம். அவருடைய கிரேட் வாஷருக்கு அதுவே போதும். எங்கள் அலுவலகத்தில் இருந்த பழைய டீசூப்பர்ஹீட்டர் வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு, கூடவே எங்கள் வெப்ப மீட்டரின் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு புறப்பட்டார்.